பீப்பாய் மேல் உருண்டவர்

மார்ச் கடைசி. கணக்கில் 4,500 ரூபாய் இடித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்து, ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்தேன். வேலை போய், வீட்டு லோன் நின்று, பெட்டி படுக்கையோடு நடுத்தெருவுக்கு... விடிவதற்குள் மூன்று தடவை நடுத்தெருவுக்கு வந்துவிட்டேன்.

பக்கத்து சீட்காரருக்கு இடித்தது 61,000. மனுஷன் தூங்கி எழுந்த முகத்தோடு வந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

''எப்படி சார் தூக்கம் வருது?''

''லாரன்ஸ் சகோதரர்னு ஒருத்தர். சமையல்காரர். படிச்சுப் பாருங்க'' என்று சின்னதாக ஒரு புத்தகம் கொடுத்தார்.

சாந்த சொரூபியாக யாரோ வரப்போகிறார் என்று பிரித்தால், நம்ம கேஸ்! பிரான்சின் லொரேன் பகுதிக்காரர். பட்டாளத்தில் காலில் அடிபட்டு, கடைசிவரை தாங்கித் தாங்கித்தான் நடை. ஒரு பெரிய மனிதரிடம் எடுபிடியாக இருந்தபோது, கை பட்டதெல்லாம் உடையுமாம். அவரே சொல்லியிருக்கிறார். 1640-ல் பாரிஸில் கார்மெல் சபை மடத்தில் சேர்ந்தார். போட்டார்களே சமையலறையில்! அவருக்குப் பிடிக்கவே பிடிக்காத வேலை. சுமார் 15 வருஷம் அங்கேதான் குப்பை கொட்டினார்.

கவலைக்கும் குறைச்சலில்லை. 'எனக்கு நரகம்தான்' என்ற பயம் நாலு வருஷம் பிடித்து ஆட்டியிருக்கிறது. (நம் 4,500 எம்மாத்திரம்!) யார் தேற்றியும் போகவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். சொர்க்கமோ நரகமோ, அது ஆண்டவர் பாடு. உயிர் இருக்கிறவரை அவர்மேல் உள்ள பிரியத்துக்காக இன்றைய வேலையைச் செய்வது என் பாடு. பயம் விட்டது.

அதற்கப்புறம் அடுப்படியே கோயில். ஆண்டவர் பக்கத்தில் நிற்கிறார் என்று நினைத்து மனசுக்குள் பேசிக்கொண்டே ஆம்லெட் திருப்புவார். தப்பு நேர்ந்தால், 'நீர் கையை விட்டால் நான் இப்படித்தான்' என்கிற மாதிரி அவரிடம் ஒப்புக்கொள்வார். அதோடு சரி, அதையே நினைத்துக் குமைவதில்லை.

ஒரு தடவை பர்கண்டிக்கு ஒயின் வாங்க அனுப்பினார்கள். பேரம் பேசத் தெரியாது. காலும் சரியில்லை, படகில் பீப்பாய்கள் மேல் உருண்டுதான் நகர முடியும். உருண்டார்! 'இது உம்முடைய வேலை' என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டுப் போனார். கொள்முதல் நன்றாகவே முடிந்ததாம். 1691-ல் இறந்தார். பேச்சும் கடிதங்களும் புத்தகமானது அதற்கப்புறம்தான்.

இதற்காக டாக்டரை ஒதுக்க வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு என்றால் அவரிடமும் போகத்தான் வேண்டும். சகோதரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நண்பர் கேட்டார்: ''ராத்திரி நீங்க 4,500-ஐத் தேடறீங்களா, வேலை போறதைத் தேடறீங்களா?''

பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரியும் முழிப்பு வந்தது. 'கணக்கு உங்க பாடு, காலையில் தேடுவது என் பாடு' என்று ஃபேனுக்கு மேலே பார்த்துச் சொன்னேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. நாலு மணிக்குள் தூங்கிவிட்டேன்.

மறுநாள் பதினொன்றரைக்குக் கிடைத்தது. 7,200-ஐ 2,700 என்று தட்டியிருக்கிறேன்.

பக்கத்தில் திரும்பினேன். அந்த 61,000 இன்னும் கிடைக்கவில்லை. நண்பர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அடுத்த ஃபைலைப் பிரித்தார்.