எர்த்தை வெட்டி வாங்கும் அமைதி

இலக்கிய அன்பர்களிடையே டையோடையும் மின்தேக்கியையும் பற்றிப் பேசுவதேன் என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. பாரதி 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தார்; அவர் பாடிய குரலில் ஒரு நொடிகூட நமக்குப் பதிவாக எஞ்சவில்லை. பிரபஞ்சன் 2018-இலும், கி. ராஜநாராயணன் 2021-இலும் மறைந்தனர். அவர்கள் தலைமுறையினரின் மேடைப் பேச்சுகளை அந்நாளில் நாடாவில் பதிந்து வைத்தவர்கள் உண்டு. அந்த நாடாக்களைக் கணினிக்கு மாற்ற முற்படுவோருள் சிலர், தம் கையாலேயே கட்டிய ஆம்ப்ளிஃபயரைக் கொண்டு அப்பணியைச் செய்கின்றனர். பேச்சுக்கு அடியில் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல் ஓயாது கேட்கிறது. அதனை நீக்க இரண்டு குறுக்குவழிகள் பரவலாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று உயிருக்குக் கேடு. மற்றொன்று குரலுக்குக் கேடு. இரண்டும் வேண்டா என்பதே நம் கருத்து.

முதலாவது, மூன்று முள் பிளக்கில் உள்ள எர்த் முள்ளை உடைத்துவிடுதல், அல்லது உள்ளே அதன் கம்பியைக் கழற்றிவிடுதல். உறுமல் உடனே நின்றுவிடுவதும் உண்டு. அதனாலேயே இவ்வழி செல்வாக்குப் பெற்றது. ஆனால் எர்த் கம்பி இரைச்சலுக்காக வைக்கப்பட்டதன்று. மின்மாற்றியின் முதல் சுற்றில் காப்பு பழுதுபட்டால் 230 வோல்ட் அப்படியே உலோகப் பெட்டியில் ஏறும். எர்த் இருந்தால் அம்மின்சாரம் அவ்வழியே பாய்ந்து ஃப்யூஸ் போகும். எர்த் இல்லையேல், பெட்டியைத் தொடும் கையே அதன் வழியாகிவிடும். வீட்டில் குழந்தைகள் இருப்பதை நினைந்தேனும் இவ்வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

இரண்டாவது, உறுமலோடேயே பதிந்துகொண்டு பின்னர் மென்பொருளால் வடிகட்டுதல். இதில் உயிர்க்கேடு இல்லை. ஆயின் இழப்பு உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அதனை நேர்மின்சாரமாக்கும்போது எஞ்சும் அலைவு நொடிக்கு 100. ஆடவர் பேசும் குரலின் அடித்தளமும் ஏறத்தாழ 85 முதல் 180 வரையிலான அலைவுகளில்தான் இருக்கிறது. ஆகவே 100-ஐயும் அதன் மடங்குகளான 200, 300 ஆகியவற்றையும் அகல வெட்டினால், உறுமலுடன் பேச்சாளரின் நெஞ்சுக் குரலும் மெலிந்துபோகும். சொற்கள் விளங்கும், சொன்னவரின் கனம் இராது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போருக்கு வந்த சீவகன், தன்முன் வைத்த யாழ்களை உடனே மீட்டத் தொடங்கவில்லை. இது நீரில் அழுகிய மரம், இது தீயில் வெந்தது, இது இடி விழுந்தது என்று கண்டு ஒதுக்கினான். நரம்பினுள் மறைந்திருந்த மயிரையும் காட்டினான். பண்ணைத் திருத்துமுன் கருவியின் பிறப்பை ஆராய்ந்த அம்முறையே இங்கும் வேண்டும்.

உறுமலின் பிறப்பிடத்தைக் காணப் பெரிய கருவிகள் தேவையில்லை. முதலில் ஒலியளவுக் குமிழை அறவே குறைத்துப் பாருங்கள். உறுமல் அப்போதும் மாறாதிருந்தால், குற்றம் குமிழுக்குப் பின்னால், பெரும்பாலும் மின்வழங்கியில் அல்லது தரைக் கம்பிகளின் இணைப்பில் இருக்கிறது. குமிழோடு சேர்ந்து குறைந்தால், குற்றம் முன்னால், உள்ளீட்டுப் பக்கத்தில். அடுத்து, உள்ளீட்டுக் கம்பிகளைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். டெக்கையோ கணினியையோ இணைக்கும்போது மட்டும் உறுமல் எழுமானால், இரு கருவிகளின் எர்த்தும் ஒலிக் கம்பியின் உறையும் சேர்ந்து ஒரு வளையமாகியுள்ளன என்று ஐயுறலாம். மடிக்கணினியாயின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் ஐயம் தெளியும்.

இனிக் காரணங்கள். மின்வழங்கியில் நான்கு டையோடுகள் மாறுமின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. அதன் ஏற்ற இறக்கத்தை நிரப்புவது பெரிய மின்தேக்கி. ஓர் ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு 4,700 மைக்ரோஃபாரட் வைத்தால் ஏறத்தாழ 2 வோல்ட் அலைவு எஞ்சும். 10,000 வைத்தால் அது 1 வோல்ட்டாகக் குறையும். மின்தேக்கிக்கு முதுமையும் உண்டு. வெப்பத்தில் அதனுள் இருக்கும் திரவம் உலர, கொள்ளளவு குறைந்து உறுமல் மீள்கிறது. பழைய பெட்டிகளில் மேல்மூடி உப்பியிருந்தால் ஐயமின்றி மாற்றலாம். புதுவை போன்ற கடலோர ஊரில் இன்னொன்றும் சேரும்: உப்புக் காற்றில் செம்பு இணைப்புகள் பச்சை பூத்துத் தளர்கின்றன. திருகுகளையும் ஈயம் வைத்த இடங்களையும் துடைத்துப் பார்ப்பது வீண்வேலையன்று.

மின்வழங்கி செம்மையாக இருந்தும் உறுமினால் தரைக் கம்பிகளின் வழியைப் பார்க்க வேண்டும். டையோடுகளிலிருந்து மின்தேக்கிக்கு மின்சாரம் துடிப்புத் துடிப்பாகப் பாய்கிறது. அத்துடிப்பு செல்லும் கம்பியிலேயே மெல்லிய உள்ளீட்டின் தரையையும் இணைத்தால், துடிப்பு ஒலியில் கலந்துவிடும். ஆகவே மின்தேக்கி, ஒலிபெருக்கி, உள்ளீடு ஆகிய மூன்றின் தரைக் கம்பிகளும் தனித்தனியே வந்து ஓரிடத்தில் கூட வேண்டும். உள்ளீட்டுக்கு உறையுள்ள ஷீல்டு வயர் வேண்டும். அது மின்மாற்றியை ஒட்டிச் செல்லலாகாது. மின்மாற்றியைச் சற்றே திருப்பி வைத்தாலும் உறுமல் குறைவதுண்டு. எர்த் வளையமே காரணமாயின், எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள். அதிலும் தீராவிடில் ஒலிக் கம்பியின் நடுவே தனிமைப்படுத்தும் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்துங்கள். இங்கே அறுபடுவது ஒலிக் கம்பியின் வழி வரும் வளையம். காக்கும் எர்த் அன்று. பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்குக. பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதை மறவற்க. பழக்கமில்லாதோர் பழகியவரை அருகில் வைத்துக்கொள்ளல் நன்று.

"இத்தனை தொல்லை எதற்கு? கடையில் ஒன்று வாங்கிவிடலாமே" என்பார் உளர். வாங்குவது தவறன்று, வசதியுள்ளோர் வாங்கட்டும். ஆயினும் தம் கையால் கட்டியவருக்கு ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்குச் செல்கிறது என்பது தெரியும். குற்றத்தை அதன் பிறப்பிடத்தில் தேடும் வாய்ப்பு அவருக்கே மிகுதி. அவ்வாய்ப்பை விட்டுவிட்டு முள்ளை உடைப்பது, கட்டிய உழைப்புக்கே இழுக்கு.

நாடாக்களுக்கும் அகவை ஏறிக்கொண்டிருக்கிறது. சில நாடாக்கள் ஓரிரு முறை ஓடுவதற்கே இடம் தரும். ஆதலின் முதலில் வேறொரு பாட்டு நாடாவை ஓட்டி உறுமலைத் தீர்த்துக்கொண்டு, பின்னரே அரிய நாடாவைத் தொடுங்கள். வடிகட்டாத மூலப் பதிவை அப்படியே ஒரு படி காத்து வையுங்கள்; மென்பொருளின் கைவண்ணமெல்லாம் மறுபடியில் நிகழட்டும். பாரதியின் குரலைக் காக்க அன்று வழி வாய்க்கவில்லை. இன்று நாடாவும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. எஞ்சியிருப்பது ஒரு மாலைப்பொழுதின் பொறுமை மட்டுமே.