இருமுகிற பன்றிக்கு ஊசி மட்டும் போதாது

சங்கப் பத்திரிகையில் பன்றியைப் பற்றிக் கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். சம்பளம், கொழுந்து நிறை, சேமலாப நிதி, காணி உரிமை என்று எழுத நமக்கு எப்போதும் விஷயம் இருக்கிறது. ஆனால் 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானி வந்த பிறகும், லயத்துக் குடும்பங்கள் அந்தச் சம்பளத்தை மட்டும் நம்பி வாழவில்லை. மாடு, கோழி, மரக்கறித் தோட்டம், கொழும்பில் கடையில் நிற்கும் மகன் அனுப்பும் காசு என்று ஏதோ ஒன்று சேர்ந்தால்தான் மாதம் ஓடும். அப்படிச் சேர்வதில் ஒன்று, லயத்துக்குப் பின்னால் நிற்கிற இரண்டு பன்றி. நான் படிப்பிக்கும் பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகள் சிலரின் டியூஷன் காசு அந்தப் பட்டியிலிருந்துதான் வருகிறது. பிள்ளைகள் அதை வெளியில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வகுப்பில் என்ன பட்டப்பெயர் விழும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்த வெட்கத்தால் வரும் நட்டம் பெரியது. பசுமாட்டுக்கு வயிறு உப்பினால் உடனே அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு ஆள் அனுப்புகிறோம். பன்றி இருமினால் மட்டும், பக்கத்துக் காம்பிராவுக்குக்கூடத் தெரியாமல் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஊசிக்காரரை வரவழைக்கிறோம். போன மழைக்காலத்தில் எங்கள் டிவிசனில் ஒரு அக்கா அப்படி மூன்று முறை ஊசி போட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலிக்கு மேல் போனது. போத்தலில் பெனிசிலின் என்று எழுதியிருந்தது. பன்றி சாகவும் இல்லை, தேறவும் இல்லை. இருமிக்கொண்டே நின்றது.

ஏன் தேறவில்லை என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வளரும் பன்றிகளிடம் மாதக்கணக்கில் நிற்கும் வறட்டு இருமலுக்குப் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி காரணமாக இருக்கும். இது பன்றியை அவ்வளவு லேசில் கொல்லாது. காய்ச்சலும் அதிகம் இருக்காது, தீனியும் தின்னும். ஆனால் தின்ற தீனி உடம்பில் ஒட்டாது. ஆறேழு மாதத்தில் விற்க வேண்டிய பன்றி எட்டு ஒன்பது மாதமானாலும் எலும்பும் தோலுமாக நிற்கும். அந்த மேலதிக மாதங்களின் தீனிச் செலவுதான் நம் கையைக் கடிக்கிற நட்டம். செத்தால் கணக்கு ஒரே நாளில் முடியும், இது முடியாது. பெனிசிலின் என்பது கிருமியின் வெளிச்சுவரைக் கெடுத்துக் கொல்லும் மருந்து. மைக்கோபிளாஸ்மாவுக்கு அந்தச் சுவரே கிடையாது. எனவே எத்தனை ஊசி போட்டாலும் அது பாட்டுக்கு இருக்கும். இதற்குப் பலன் தரும் மருந்துகள் வேறு. டெட்ராசைக்கிளின், டைலோசின், டியாமுலின் என்று அவற்றுக்குப் பெயர். எதை, எந்த நிறைக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்று சொல்ல வேண்டியவர் மிருக வைத்தியர். மருந்து கொடுத்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். அந்த இறைச்சியைத் தின்னப் போவது மனிதர்கள்தானே.

எல்லா இருமலும் மைக்கோபிளாஸ்மாவும் இல்லை. மண் தரையில் நிற்கும் குட்டிகளுக்கு வயிற்றுப் புழுவாலும் இருமல் வரும். உருண்டைப் புழுவின் குஞ்சுகள் குடலிலிருந்து ஈரலுக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் போய், இருமலோடு தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுத் திரும்பக் குடலுக்குப் போகும். அந்தப் புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். ஆகவே பூச்சி மருந்து கொடுத்துவிட்டுப் பழைய சேற்றிலேயே விட்டால் பலன் இல்லை. இன்னொன்று, பட்டியில் உள்ள எல்லாப் பன்றிக்கும் ஒரே நாளில் காய்ச்சலும் இருமலும் வந்து, ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கிடந்தால் அது இன்புளுவென்சாவாக இருக்கலாம். நல்ல தண்ணீரும் காய்ந்த படுக்கையும் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு கிழமையில் எழும்பிவிடும். இந்தக் காய்ச்சல் மனிதரிடமிருந்து பன்றிக்கும் பன்றியிடமிருந்து மனிதருக்கும் போகக்கூடியது. வீட்டில் தடிமன் காய்ச்சலில் கிடப்பவர் பட்டிக்குப் போகாமல் வேறொருவரை அனுப்புவது நல்லது.

காத்திருக்கக் கூடாத அடையாளங்களும் உண்டு. நாய் உட்காருவது போல முன்காலை ஊன்றி உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, மூக்கில் இரத்தம் கலந்த நுரை, காதும் வயிறும் சிவந்தோ நீலம் பாய்ந்தோ போவது, முதல் நாள் நன்றாக நின்ற பன்றி விடியும்போது செத்துக் கிடப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே மிருக வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். 2024 கடைசியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்குள் வந்ததை மறக்கக் கூடாது. அது மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பன்றிக்கு அதற்கு மருந்து இல்லை. வியாபாரியின் லொறிச் சில்லிலும், சப்பாத்து மண்ணிலும், தீனி வந்த சாக்கிலும், ஹோட்டல் எச்சில் சாப்பாட்டில் கிடக்கும் இறைச்சித் துண்டிலும் அது வரும். எச்சில் சாப்பாடு போடுபவர்கள் கிளறிக் கிளறி அரை மணித்தியாலமாவது கொதிக்க வைத்து ஆறவிட்டுத்தான் போட வேண்டும். விறகு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கொதிக்க வைக்க முடியாத வீட்டில் எச்சில் சாப்பாடு வாங்காமல் இருப்பதே மேல். செத்த பன்றியை ஓடையில் தள்ளுவதும், அவசரமாக வெட்டி மலிவாக விற்பதும் அடுத்த லயத்துப் பட்டியையும் அழிக்கிற வேலை. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும்.

இனிப் பட்டிக்கு வருவோம். என் அனுபவத்தில் பாதி இருமல் அங்கேதான் தொடங்குகிறது. காலையில் பட்டிக்குள் போய்ப் பன்றியின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் உங்கள் கண் எரிந்து மூக்கில் காரம் ஏறினால், அது மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா. நாம் நின்றுகொண்டு தீனி ஊற்றிவிட்டு வந்துவிடுவோம். பன்றியோ இரவும் பகலும் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. மூச்சுக் குழாயில் அழுக்கைத் தள்ளி வெளியேற்றும் மெல்லிய மயிர்கள் அதனால் கெட்டுப் போகின்றன. பிறகு எந்தக் கிருமி வந்தாலும் உள்ளே இறங்குவது சுலபம். பழைய தகரத்தையும் உரச்சாக்கையும் வைத்து நாலு பக்கமும் இறுக்கி அடைத்த பட்டியில் இதுதான் நடக்கிறது.

குளிருக்குப் பயந்து அடைக்கிறோம், அதில் நியாயமும் இருக்கிறது. நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி படியும். பிறந்து ஒரு கிழமைக் குட்டிக்கு 30 பாகைக்கு மேல் சூடு வேண்டும். அதற்காகக் காற்றையே நிறுத்திவிடக் கூடாது. பன்றி படுக்கும் உயரம் வரை, ஏறக்குறைய மூன்றடிக்கு, சுவர் அடைப்பாக இருக்கட்டும். அதற்கு மேல் கூரை வரை திறந்திருக்கட்டும். அடைமழை வீசும் பக்கத்துக்கு மட்டும் சாக்கைத் திரைபோலத் தொங்கவிட்டுப் பகலில் சுருட்டி வையுங்கள். தரை ஒரு பக்கம் சரிவாக இருந்தால் மூத்திரம் ஓடிவிடும். படுக்கிற மூலையில் காய்ந்த மானாப்புல்லோ மரத்தூளோ போட்டு நனைந்ததும் மாற்றுங்கள். குட்டிகளுக்கு மூலையில் ஒரு பெட்டி செய்து வைத்தால் அவற்றின் உடம்புச் சூடே பாதி வேலையைச் செய்யும். விற்கும் பருவத்துப் பன்றி ஒன்றுக்குப் பத்துச் சதுர அடியாவது வேண்டும். இரண்டுக்குக் கட்டிய பட்டியில் ஐந்தை அடைத்தால், ஒன்றின் இருமல் ஐந்துக்கும் போகும்.

புதுக்குட்டி வாங்கி வந்த அன்றே பழைய பன்றிகளோடு விடுவது நம்மிடம் உள்ள பழக்கம். மூக்கோடு மூக்கு உரசினாலே நோய் மாறும். ஒரு மாதம் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். பழையவற்றுக்கு முதலில் தீனி வைத்துவிட்டுக் கடைசியாகப் புதியதிடம் போக வேண்டும்.

தள்ளி வைக்க இடம் எங்கே என்று கேட்பீர்கள். சங்கம் பேச வேண்டிய இடம் இதுதான். லயத்தில் இருப்பவருக்குச் சொந்தமாக ஓரடி மண்கூட இல்லை. தனி வீடு கிடைத்தவருக்கும் சில பேர்ச்சஸ்தான். பட்டி குசினிச் சுவரோடு ஒட்டாமல் வேறு எங்கே போகும்? ஒரு தோட்டத்தில் நாற்றம் என்று முறைப்பாடு வந்ததும், ஒரு கிழமைக்குள் எல்லாப் பட்டியையும் உடைக்கச் சொன்னது நிர்வாகம். முறைப்பாடு செய்த பக்கத்து வீட்டுக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். குழந்தை தூங்கும் சுவருக்குப் பின்னால் பன்றி நிற்பதை எந்தத் தாய் விரும்புவாள்? லயத்துச் சுவரோடு பட்டி கட்டுவதைச் சங்கம் ஆதரிக்கவும் கூடாது. உடை என்று சொல்வதோடு நிர்வாகம் கை கழுவுவதைத்தான் ஏற்க முடியாது. எத்தனையோ டிவிசன்களில் தேயிலை போய்க் காடு மண்டிய நிலம் சும்மா கிடக்கிறது. லயத்துக்குத் தள்ளி, குடிநீர் ஊற்றுக்குக் கீழ்ப்பக்கமாக, தண்ணீரும் வடிகாலும் உள்ள ஒரு துண்டை வளர்ப்பவர்களுக்கு எழுத்தில் ஒதுக்கித் தரும்படி தோட்டக் கமிட்டி கேட்க வேண்டும். வாய்ச்சொல் வேண்டாம். துரை மாறினால் சொல்லும் மாறும்.

அதோடு, மாதத்தில் ஒரு நாள் மிருக வைத்தியரோ கால்நடை உத்தியோகத்தரோ டிவிசனுக்கு வர வேண்டும் என்று பிரதேச அலுவலகத்துக்கு எழுதுவோம். பெரட்டு நேரத்தில் வந்தால் பெண்கள் எல்லோரும் மலையில் இருப்பார்கள். கொழுந்து நிறுத்த பிறகு பின்னேரம் வரச் சொல்லிக் கேட்க வேண்டும். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். வளர்ப்பவரின் பெயர், டிவிசன், பன்றி எத்தனை, அதில் இருமுவது எத்தனை என்று ஒரு தாளில் எழுதி இந்த மாதச் சந்தா நாளில் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ கொடுங்கள். பெயர் கொடுக்க வெட்கப்பட்டால், உங்கள் டிவிசனில் பன்றியே இல்லை என்றுதான் அலுவலகத்தில் பதிவாகும்.