கச்சா எண்ணெய் இறங்கினாலும் பெட்ரோல் விலை ஏன் இறங்குவதில்லை?

பெட்ரோல் விலை செய்தியில் அடிபடும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டும் கூடவே வந்துவிடும்: 'வர்ற ஞாயிற்றுக்கிழமை யாரும் பெட்ரோல் போடாதீங்க, கம்பெனிகள் தானா வழிக்கு வரும்.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போடாதவர் சனிக்கிழமை இரவே டேங்கை நிரப்பியிருப்பார், இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை பங்க்கில் வரிசையில் நிற்பார். வண்டி ஓடும் தூரம் குறையாதவரை, எண்ணெய் நிறுவனத்துக்கு விற்பனையும் குறையாது.

கோபம் நியாயம்தான். யார் மேல் என்பதில்தான் குழப்பம். அதற்கு முதலில் ஒரு லிட்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். பீப்பாய் 80 டாலர், டாலர் 83 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கச்சா எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 42 ரூபாய். சுத்திகரிப்புச் செலவு, நிறுவனத்தின் லாபம், லாரி வாடகை, டீலர் கமிஷன் எல்லாம் சேர்த்தால் 60 ரூபாயை ஒட்டி வரும். மீதியெல்லாம் வரி.

2024 மார்ச் நடுவில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100.75 ரூபாய். அதில் மத்திய அரசின் கலால் வரி 19.90 ரூபாய். தமிழக அரசின் வாட் வரி 13 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 11.52 ரூபாய், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 22 ரூபாய். அந்த 13 சதவீதம் கலால் வரியையும் சேர்த்த தொகைமேல் போடப்படுகிறது. வரிக்கும் வரி! எல்லாம் டெல்லியால் வந்தது என்பவரும், எல்லாம் கோட்டையால் வந்தது என்பவரும் பாதிக் கணக்கைத்தான் சொல்கிறார்கள்.

இறங்கினது எங்கே போச்சு?

பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசலுக்கு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினசரி விலை நிர்ணயம். சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பதுதான் பேச்சு.

2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தால், இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை 20 டாலர் அளவுக்கு விழுந்தது. அந்த மார்ச்சில் 3 ரூபாய், மே மாதம் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் என்று கலால் வரியை மத்திய அரசு கூட்டியது. தமிழக அரசும் அதே மே மாதம் வாட் வரியை உயர்த்தியது. பெட்ரோல் மீதான கலால் 32.98 ரூபாயைத் தொட்டது. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்துத்தான் 19.90 ஆனது. 2014 ஏப்ரலில் அது 9.48 ரூபாய்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2022 ஏப்ரல் 6-க்குப் பிறகு தினசரி விலை மாற்றம் பெயருக்குத்தான் இருந்தது. அந்த ஜூனில் கச்சா எண்ணெய் 116 டாலருக்குப் போனபோது பங்க் விலை அதோடு ஏறவில்லை. மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களும் அந்த ஒரு காலாண்டில் 18,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டப்பட்டன. நுகர்வோருக்கு அது பாதுகாப்பு என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் அதே மூன்று நிறுவனங்களின் 2023-24 லாபம் சுமார் 81,000 கோடி. பங்க்கில் குறைந்ததோ 2 ரூபாய். அது அமலுக்கு வந்தது 2024 மார்ச் 15, மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்புக்கு முதல் நாள்.

2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் இறங்கியபோது கலால் வரி 2 ரூபாய் கூடியது, பங்க் விலை அசையவில்லை. அதாவது குறைந்திருக்க வேண்டிய பணம் வரியாகப் போனது.

வரியே கூடாது என்பதல்ல வாதம். சாலையும் ரேஷனும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதற்கு வெளியே தெரிந்த விதி எதுவும் இல்லை என்பதுதான் பிரச்சினை. போதாததற்கு, அந்த 19.90 ரூபாயில் மாநிலங்களோடு பகிரப்படும் அடிப்படைக் கலால் வெறும் 1.40 ரூபாய், மற்றதெல்லாம் செஸ், கூடுதல் வரி. மாநிலங்கள் வாட் வரியை விட மறுப்பதும், ஜி.எஸ்.டி.க்குள் பெட்ரோல் வராமல் இருப்பதும் இதனால்தான்.

நம்ம கையில் என்ன இருக்கு?

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் பைக்கில் போய்வரும் ஒருவர் சுமார் 34 கி.மீ. ஓட்டுகிறார். மாதம் 25 நாள், லிட்டருக்கு 50 கி.மீ. என்றால் 17 லிட்டர். விலை 2 ரூபாய் குறைந்தால் அவருக்கு மிச்சம் 34 ரூபாய், இரண்டு டீக்குச் சரி. மாதத்தில் எட்டு நாள் மின்சார ரயிலில் போனால், லிட்டர் 100 ரூபாய் கணக்கில், பெட்ரோலில் மட்டும் 540 ரூபாய்க்கு மேல் மிச்சம். டிக்கெட் செலவு அதில் சிறு பகுதிதான்.

ஆனால் வீட்டுக்கு அருகே ரயில் இல்லாதவருக்கு இந்த யோசனை உதவாது. உணவு டெலிவரி செய்பவருக்குச் சுத்தமாக உதவாது. நாளுக்கு 120 கி.மீ., மாதம் 26 நாள், மைலேஜ் 45 என்றால் கிட்டத்தட்ட 7,000 ரூபாய் பெட்ரோலுக்கே போகிறது. டீசல் ஏறினால் லாரி வாடகை ஏறும், காய்கறி விலையில் அது வசூலாகிவிடும். டெலிவரி இளைஞர் அப்படி யார் தலையிலும் ஏற்ற முடியாது. ஓட்டத்தைக் குறைத்தால் வருமானம் குறையும்.

அவருக்கு வழி பங்க்கில் இல்லை, வரி போடுகிற இடத்தில்தான் இருக்கிறது. அங்கே கேட்டால் நடக்காது என்றும் சொல்ல முடியாது. 2021 தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்பதாக தி.மு.க. சொன்னது. அந்த ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைந்தது, டீசலுக்கு ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை புறக்கணிப்பு ஃபார்வர்டை அனுப்புகிறவர்கள், மீதி 2 ரூபாய் என்னாச்சு என்றும், 2025-ல் கூட்டிய 2 ரூபாய் எதற்கு என்றும் கேட்டு ஒன்று அனுப்பிப் பார்க்கலாம்.