புரையேறினால் யாரும் நினைக்கவில்லை என்று அர்த்தம்



பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் கோட்டைக்குப்பத்தில் ஒரு வீட்டில் பஞ்சாயத்து. அந்த வீட்டுப் பெண் ஸ்பீச் தெரபி இளநிலைப் படிப்பை முடித்துவிட்டாள். மேலே எம்.எஸ்சி. சேர்ந்து, விழுங்குவதில் சிரமப்படும் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி எடுக்க வேண்டும் என்கிறாள். வீட்டில் சம்மதம் இல்லை. "திக்குவாய்ப் புள்ளைக்கு பேசச் சொல்லிக் குடுக்க இன்னும் ரெண்டு வருஷமா? முழுங்கறதுக்கு ஒரு படிப்பா? பொறந்த கொழந்தையே முழுங்குதே!" என்று ஒரு பெரியவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே கேள்விதான் நம் மருத்துவத் துறையின் மனதிலும் இருக்கிறது. அதனால்தான் பதிலை எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

முதலில், விழுங்குவது சுலபமான வேலை இல்லை. தொண்டையில் காற்றுக்கும் உணவுக்கும் ஒரே வழி. சற்றுக் கீழே அது இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு வாய்க்கும் மூச்சு நிற்க வேண்டும், குரல்வளை மேலே எழும்பி மூடிக்கொள்ள வேண்டும், உணவுக்குழாய் திறக்க வேண்டும். எல்லாம் ஓரிரு நொடிக்குள். மூளையிலிருந்து நேராக வரும் 12 ஜோடி நரம்புகளில் குறைந்தது 5 ஜோடி இதில் வேலை செய்கின்றன. நாக்கு, உதடு, அண்ணம், குரல்வளை என்று பேசுவதற்கு உதவும் அதே உறுப்புகள்தான் விழுங்கவும் உதவுகின்றன. ஸ்பீச் தெரபிஸ்ட் ஏன் சாப்பாட்டைப் பார்க்கிறார் என்பதற்கு இதுதான் விடை.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் சில நாட்களில் இந்த ஏற்பாடு தடுமாறுகிறது. பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது. பார்க்கின்சன் நோய், வாய்ப் புற்றுநோய் அறுவை, கழுத்தில் கதிர்வீச்சு, மூளை வாதத்தோடு பிறந்த குழந்தைகள் என்று பட்டியல் நீளும். புகையிலை அடக்கும் பழக்கம் உள்ள கரையோர ஊர்களுக்கு வாய்ப் புற்றுநோயைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

கடலில் விழுந்தவனின் நுரையீரலுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே காரியம் வீட்டுத் திண்ணையில், ஒரு டம்ளர் தண்ணீரில், தினம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. புரையேறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டி, "இந்தா, தண்ணி குடி" என்கிறோம். பக்கவாதக்காரருக்குப் பல நேரம் தண்ணீர்தான் சமாளிக்கக் கடினமான பொருள். அது வேகமாக ஓடும், தொண்டை மூடுவதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இன்னும் மோசம், சிலருக்கு இருமலே வராது. தொண்டையின் உணர்ச்சி மங்கியிருப்பதால் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போகும். வீட்டில் "நல்லா சாப்பிடறாரு" என்று சந்தோஷப்படுவோம். பத்து நாளில் காய்ச்சல் வரும்.

எங்கள் உறவில் ஒரு பெரியவருக்கு இப்படித்தான் ஆயிற்று. பக்கவாதம். நகரத்தில் ஒரு மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். அதற்கு நன்றி. கையில் கொடுத்த சீட்டில் மாத்திரை இருந்தது, கை கால் பயிற்சி இருந்தது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஒரு வரி இல்லை. வீட்டில் பாசத்தோடு ரசம் சாதம் கொடுத்தார்கள். நோயாளிக்கு அதுதான் லேசு என்பது நம் நம்பிக்கை. ஆனால் ரசம் தண்ணீராக முன்னே ஓடும், சோற்றுப் பருக்கை பின்னே நிற்கும். இரண்டும் கலந்து வருவதைச் சமாளிப்பது பழுதான தொண்டைக்குக் கடினம். மூன்று முறை காய்ச்சல் வந்தது. மூன்றாவது முறை போய்விட்டார். "சளிக் காய்ச்சல்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர் எப்படி விழுங்குகிறார் என்று கடைசிவரை ஒருவரும் பார்க்கவில்லை. என் வழக்கே அதுதான்.

சரி, அதற்கு மேற்படிப்பு எதற்கு? "கெட்டியாகக் குடு, தாடையைக் கீழே இறக்கி முழுங்கச் சொல்லு" என்று நர்சுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்தால் போதாதா? கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தாடையைக் கீழே இறக்குவது ஒருவருக்கு உதவும், இன்னொருவருக்குக் கெடுதல் செய்யும். கெட்டியாக்கினால் ஒருவருக்குப் புரையேறாது. இன்னொருவருக்குத் தொண்டையிலேயே தங்கி, பிறகு உள்ளே சரியும். பிடிக்காமல் குடிப்பதைக் குறைத்து நீர்ச்சத்து இழப்பவர்களும் உண்டு. யாருக்கு எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம். அதற்காகத்தான் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து ஓடும் எக்ஸ்ரேயில் பார்க்கும் முறை வந்தது. அமெரிக்காவின் ஜெரி லோக்மன் அதை வளர்த்தெடுத்து, 1983-ல் விழுங்குதல் கோளாறுகளுக்கென்றே பாடநூல் எழுதினார். மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்க்கும் முறையை சூசன் லாங்மோர் குழு 1988-ல் வெளியிட்டது. இருவருமே பேச்சுத் துறையிலிருந்து வந்தவர்கள். அந்தப் படத்தைப் படித்து, "இவருக்கு வாயால் கொடுக்கலாம், அவருக்கு இன்னும் குழாய்தான்" என்று சொல்வது ஒரு உயிரைப் பற்றிய முடிவு. இரண்டு நாள் வகுப்பில் அது வராது.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள். உளவியல் தாளில் மார்க் வாங்குவது ஒன்று, நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்பது வேறு. பின் பெஞ்சில் ஒரு மூத்த ஆசிரியர் உட்கார்ந்து, பாடம் முடிந்ததும் குறை சொன்னபோதுதான் தொழில் கையில் வந்தது. இங்கும் அதேதான். இளநிலைப் படிப்பு பயிற்சி ஆண்டோடு சேர்த்து நான்கு வருடம். அதற்குள் காது, பேச்சு, மொழி, திக்குவாய், காதுக் கருவி எல்லாம் கற்க வேண்டும். விழுங்குதல் அதில் ஒரு பகுதிதான். தீவிர சிகிச்சைப் பிரிவில், புற்றுநோய் வார்டில், அனுபவசாலி ஒருவரின் கண் முன்னால் பலமுறை செய்து பழக மேற்படிப்புக் காலம் வேண்டும்.

"மேற்படிப்பு படித்தவர்தான் பார்க்க வேண்டும் என்றால் கோட்டைக்குப்பத்துக்கு யார் வருவார்?" என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. பிரிட்டனிலும் வெகுகாலம் பட்டம் பெற்ற பிறகுதான் இந்தப் பயிற்சி. அது போதவில்லை என்று, 2026 முதல் பட்டம் பெறுவோர் அடிப்படைத் திறனைக் கல்லூரியிலேயே பெற்றிருக்க வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். மேற்பயிற்சியும் தொடர்கிறது. நாமும் அப்படிச் செய்யலாம். நர்ஸ் சந்தேகத்தைக் கண்டுபிடிக்கட்டும், இளநிலை படித்தவர் அடிப்படையைப் பார்க்கட்டும், சிக்கலானவர்களை மேற்பயிற்சி பெற்றவர் பார்க்கட்டும். கிராம செவிலியரும் டாக்டரும் வேலையைப் பங்கிட்டுக்கொள்வது போலத்தான்.

படிக்க இடம் இல்லாமல் இல்லை. மைசூரில் அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் 1965-லிருந்து இருக்கிறது. போரூர் ராமச்சந்திராவில் மேற்படிப்பு உண்டு. படித்தவர்களுக்கு அரசில் வேலை எங்கே? பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரைக்கான ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தில், மாவட்ட மையங்களில் ஸ்பீச் தெரபிஸ்டுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் பக்கவாதம் 60 வயதில் வருகிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார். அதை மனதாரப் பாராட்டுகிறேன். காலை நடக்கவைக்க ஆள் அனுப்புகிற அரசு, சோறு இறங்குகிறதா என்று பார்க்கவும் ஒருவரை அனுப்ப வேண்டாமா? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. விழுங்க முடியாமை அதில் தனி வகையாக இல்லை. கணக்கில் வராதவனுக்குப் பணியிடம் எப்படி வரும்?

இன்னொன்று. பயிற்சி நம் சாப்பாட்டில் நடக்க வேண்டும். உலக அளவில் உணவின் பதத்தை 0 முதல் 7 வரை எட்டு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். 10 மில்லி சிரிஞ்சில் ஊற்றி 10 நொடியில் எவ்வளவு மீதி நிற்கிறது என்று பார்த்துப் பானத்தின் கெட்டியை அளக்கலாம். செலவில்லாத சோதனை. நம் கேழ்வரகுக் கூழ் எந்த நிலை, ஆறிய பிறகு எந்த நிலை, மடவை மீனை முள் எடுத்து எந்தப் பதத்துக்கு மசிக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்தான் நம் வீட்டுக்கு உதவுவார். அதை இந்த மண்ணில் பிறந்த பெண் படித்தால் பாதி வேலை முடிந்தது.

ஆகவே என் கோரிக்கைகள்:

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், பொன்னேரி போன்ற தாலுகா மருத்துவமனைகளிலும் பெரியவர்களுக்காக ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் பணியிடம் வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி நரம்பியல் வார்டுகளை மேற்படிப்பு மாணவர்களின் பயிற்சிக்குத் திறக்க வேண்டும், உதவித்தொகையோடு.

பக்கவாதம் வந்தவருக்கு வாயால் எதையும் கொடுப்பதற்கு முன் விழுங்குதல் சோதனை கட்டாயம் ஆக வேண்டும்.

அதுவரை வீட்டில் உள்ளவர்களுக்கு: படுக்கவைத்து ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, முழு விழிப்பில் இருக்கும்போது, சின்னக் கரண்டியில், ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய். சாப்பிட்டபின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். பல்லையும் நாக்கையும் தினம் சுத்தம் செய்யுங்கள், வாய்க் கிருமிதான் நுரையீரலுக்குப் போகிறது. சாப்பிடும்போது இருமல், விழுங்கிய பின் தண்ணீர் தளும்புவது போன்ற குரல், அடிக்கடி காய்ச்சல், உடல் இளைப்பு, இதில் எது தெரிந்தாலும் டாக்டரிடம், "விழுங்கறதை யாராவது பார்க்கணும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

என் மாணவர்களில் நர்சுகள் இருக்கிறீர்கள், பஞ்சாயத்தில் இருக்கிறீர்கள், கட்சியிலும் இருக்கிறீர்கள். கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன். எழுத்துப்பிழை இல்லாமல்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்