விரல் தேய்ந்தவர் கணக்கு

சென்ற கோடை விடுமுறையில், அம்பத்தூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் பத்து நாள் வகுப்பில் சேர்ந்தேன். கைரேகை, முகம், கருவிழி இவற்றால் ஆளை அறியும் பாதுகாப்புக் கருவிகளைப் பற்றிய தொடக்கநிலைப் பயிற்சி அது. கருவியைச் சுவரில் பொருத்துவது, கதவுப் பூட்டோடு இணைப்பது, புதிய ஊழியரின் விரலைப் பதிவது எல்லாம் கற்றேன். சான்றிதழும் கிடைத்தது. பிழைப்புக்கு உதவும் படிப்புதான்; மறுக்கவில்லை. ஆனால், விரல் பதியாதவரை என்ன செய்வது என்று கேட்டபோது, "மறுபடி அழுத்தச் சொல்லு தம்பி" என்றதோடு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் தந்தை இருபது ஆண்டுகளாக லேத் ஓட்டுபவர். இரும்பும் எண்ணெயும் பட்டு விரல் தேய்ந்து போனவர். வேலை செய்த இடத்தில் கருவி அவரை ஏற்காததால், ஒரு மாதம் மூன்று நாள் கூலி பிடித்தார்கள். வந்தும் வராதவரானார்! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் லேத் ஓட்டுபவரும் சிமெண்டு கலப்பவரும் பாத்திரம் தேய்ப்பவரும் எத்தனை பேர்!

கருவி செய்வதுதான் என்ன? ரேகைக் கோடுகள் முடியும் இடங்களையும் கிளை பிரியும் இடங்களையும் குறித்துக்கொண்டு, முன் பதிந்ததோடு ஒப்பிட்டு மதிப்பெண் இடுகிறது. தேர்ச்சி மதிப்பெண்ணை நிர்ணயிப்பவன் மனிதனே. அதை உயர்த்தினால் அயலார் நுழைவது குறையும். உரியவர் திருப்பப்படுவது கூடும். தாழ்த்தினால் நேர்மாறு. ஆகவே, 'பொருந்தவில்லை' என்று கருவி சொன்னால், வந்தவர் பொய்யர் என்று பொருளன்று. தேர்வில் 39 எடுத்த நண்பனை நாம் முட்டாள் என்கிறோமா?

இக்கணக்கு நமக்குப் புதிதுமன்று. 1897இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் அமைந்த காலத்தில், ரேகைகளை 1,024 பிரிவுகளில் அடக்கும் கணித முறையை வகுத்தவர் அஜீசுல் ஹக். உடன் உழைத்தவர் ஹேம் சந்திர போஸ். பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குப் போயிற்று! அத்தகைய துறையைக் கம்பி முடுக்கும் வேலையாக மட்டும் நமக்குக் கற்பிப்பது சரியா?

ஆதாரில் பத்து விரல்களோடு இரு கருவிழிகளும் பதிகிறார்கள். ஒன்று தவறினால் மற்றொன்று கைகொடுக்கும். அப்படியொரு மாற்றுவழி வைக்காமல் கருவியைப் பொருத்தக் கூடாது என்பதைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து. நம் கல்லூரிக் கணிதத் துறையும் இயற்பியல் துறையும் மாலை வேளையில் இவ்வகுப்பை நடத்தலாமே! பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால், முதல் நாள் கருவியில் விரல் வைத்துக் காட்ட என் தந்தையை அழைத்து வருகிறேன்.