சரிபார்த்தல் வேண்டும்!

கணிதத்தில் சமன்பாடு ஒன்றைத் தீர்த்து, தெரியாத எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடுவதில்லை. கண்டுபிடித்த எண்ணை மீண்டும் சமன்பாட்டில் பொருத்தி, இருபுறமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். இதற்குச் 'சரிபார்த்தல்' என்று பெயர். ஒரு சிறு கணக்கிற்கே இத்துணைக் கவனம் தேவையென்றால், ஆயிரமாயிரம் குடும்பங்களின் குடிநீர், சாலை, கால்வாய் ஆகியவற்றைப் பற்றி முடிவெடுக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கு எத்துணைக் கவனம் தேவை! எடுத்த முடிவைத் தாமே திரும்பிப் பார்த்து, "நாம் நினைத்தது நடந்ததா?" என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் நம் மன்றங்களில் வேரூன்ற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இஃது ஒன்றும் நமக்குப் புதியதன்று. நம் காஞ்சிபுரம் பகுதியிலுள்ள உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதம் அவற்றில் விளக்கப்பட்டுள்ளது. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம், தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியம் என்று தனித்தனிக் குழுக்கள் இருந்தன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது என்ற விதி, நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. அச்சபையில் பெண்களுக்கும் நிலமற்ற எளியோர்க்கும் இடமில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆயினும், "கணக்குக் காட்டாதவருக்குப் பதவி இல்லை" என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தார்களே, அதனைப் போற்றாமல் இருக்க முடியுமா?

இனி நம் ஊருக்கு வருவோம். நமது ராஜகீழ்ப்பாக்கம் முன்பு செம்பாக்கம் நகராட்சியில் அடங்கியிருந்தது. 2021 நவம்பர் மாதம் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. இதில் 70 வார்டுகள். 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தது. மேயர் பதவி ஆதிதிராவிடர் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. இருபத்தைந்து வயதே நிறைந்த பொறியியல் பட்டதாரியான திருமதி வசந்தகுமாரி கமலக்கண்ணன் முதல் மேயரானார். தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதி பெண்களுக்கு என்று 2016 இல் சட்டம் வந்ததன் பயனை, மாணவியராகிய நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

ஆனால் அந்தத் தேர்தலுக்கு முந்திய காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள், தோழியரே! முந்தைய மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் 2022 வரை, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, நகர்ப்புறங்களில் உள்ளாட்சித் தேர்தலே நடைபெறவில்லை. தனி அலுவலர்களே மன்றத்தின் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தனர். அவர்களுள் கடமை தவறாதவர் பலர் இருந்திருக்கலாம். நாங்கள் குறை கூறுவது ஆட்களையன்று, முறையை! முன்மொழிபவரும் அவரே, ஏற்பவரும் அவரே, நிறைவேற்றுபவரும் அவரே என்றால், "ஏன்?" என்று கேட்பவர் யார்? விடை எழுதிய மாணவியே தன் தாளைத் திருத்தி மதிப்பெண்ணும் இட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்? இடித்துரைக்கும் துணையில்லாத அரசனைப் பற்றித் திருவள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் எச்சரித்திருப்பதை நாம் படித்திருக்கிறோம். அரசனுக்குச் சொன்னது ஆணையாளருக்கும் மன்றத்துக்கும் பொருந்தாதா?

"இப்போதுதான் மன்றம் வந்துவிட்டதே, தணிக்கையும் நடக்கிறதே, பிறகென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையினர் ஆண்டுதோறும் வரவு செலவுகளைச் சரிபார்க்கின்றனர். எனினும், பணம் விதிப்படி செலவாயிற்றா என்பது ஒரு கேள்வி. எடுத்த முடிவே நல்ல முடிவா என்பது வேறு கேள்வி. எடுத்துக்காட்டாக, ஒரு தெருவில் மழைநீர்க் கால்வாய் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தப்புள்ளி முறையாகக் கோரப்பட்டது. நீளமும் அகலமும் அளவுப்படி உள்ளன. பில்லும் சரியாக இருக்கிறது. ஆனால் கால்வாயின் சரிவு ஏரியை நோக்கி இல்லாமல் எதிர்த்திசையில் இருந்தால், மழை பெய்த அன்று தண்ணீர் வீட்டுக்குள் வரும். கணக்கு ஏட்டில் எல்லாம் சரி. தெருவில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர்!

தண்ணீரைப் பற்றி நம் பகுதி மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில், இருபத்து நான்கே மணி நேரத்தில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட துன்பத்தை நாடே அறியும். மழையை நிறுத்த எந்த மன்றத்தாலும் இயலாது. ஆனால் ஏரிக்கு வரும் வாய்க்கால் எது, அதன் குறுக்கே எந்த மனைப்பிரிவுக்கு அனுமதி தரப்பட்டது, சாலையின் மட்டம் எவ்வளவு உயர்ந்தது என்பன யாவும் மனிதர் எடுத்த முடிவுகளே. பல அலுவலகங்கள் பல ஆண்டுகளில் தனித்தனியே எடுத்த முடிவுகள் அவை. ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தால் சிறியதாகவே தோன்றும். அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து, "இவற்றின் விளைவு என்ன?" என்று பார்ப்பவர் இல்லாத இடத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

பிற நாட்டார் இதற்கு என்ன செய்கின்றனர் என்பதையும் அறிவது நன்று. இங்கிலாந்தில் 2000 ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி, மன்றத்தின் முடிவுகளை எடுப்பது ஒரு சிறு நிர்வாகக் குழு. அக்குழுவில் இடம்பெறாத உறுப்பினர்களைக் கொண்டது ஆய்வுக்குழு. ஒரு முடிவு நிறைவேறுமுன் அதனை நிறுத்தி வைத்து, "மறுபடியும் யோசியுங்கள்" என்று கேட்க ஆய்வுக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. முடிவை ரத்து செய்யும் அதிகாரம் அதற்கில்லை. யோசிக்க வைக்கும் அதிகாரம் மட்டுமே! நம் பாராளுமன்றத்திலும் பொதுக் கணக்குக் குழுவின் தலைமையை எதிர்க்கட்சி உறுப்பினருக்குத் தரும் மரபு 1967 முதல் இருந்து வருகிறது. வெளியே எதிரெதிரே நிற்பவர்களும், கணக்கின் முன் ஒரே மேசையைச் சுற்றி அமரலாம் என்பதற்கு இதுவே சான்று.

நம் மாநிலத்திலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. கிராமங்களில் கிராம சபை கூடுவது போல, நகரங்களில் ஏரியா சபை கூட வேண்டும் என்று 2022 இல் விதிகள் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, நம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த ஏரியா சபைக் கூட்டத்தில் அப்போதைய முதலமைச்சர் திரு. மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். நம் பக்கத்து ஊரில் ஏற்றப்பட்ட அவ்விளக்கு, நம் தெருவிலும் அணையாமல் எரிய வேண்டாமா? இச்சபைகளில் பெரும்பாலும் "எங்கள் தெருவுக்கு விளக்கு வேண்டும், குழாய் வேண்டும்" என்ற கோரிக்கைகளே எழுகின்றன. கேட்பது தவறில்லை. ஆனால் சென்ற முறை கேட்டதும் ஒப்புக்கொண்டதும் என்னவாயின என்று கேட்பது அதனினும் மேலானது.

ஆதலின், மூன்று எளிய யோசனைகளைப் பெரியோர் முன் பணிவுடன் வைக்கிறோம்.

முதலாவது, மாமன்றம் நிறைவேற்றும் முக்கியத் தீர்மானம் ஒவ்வொன்றுக்கும், "ஏன் இந்த முடிவு? இதனால் யாருக்கு, எப்போது, என்ன பயன்?" என்பதை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, வார்டு அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். எதிர்பார்ப்பை எழுதி வைத்தால்தானே பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க இயலும்?

இரண்டாவது, ஓராண்டு கழித்து அத்தீர்மானத்தை, அதைத் தயாரித்த குழுவில் இல்லாத உறுப்பினர் சிலர் ஆராய வேண்டும். அவர்களுக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தலைமை தாங்கினால் நம்பிக்கை வளரும். அவர்கள் கோப்பை மட்டும் பார்த்தால் போதாது. கால்வாய் ஓரமும் நடந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஏரியா சபையில் புதிய கோரிக்கைகளைக் கேட்கும் முன், சென்ற கூட்டத்தில் ஏற்றவற்றுள் நடந்தவை எவை, நடவாதவை எவை, நடவாமைக்குக் காரணம் யாது என்று முதலில் படித்துக் காட்ட வேண்டும்.

"இப்படியெல்லாம் கேள்வி கேட்டால் வேலை தாமதமாகுமே!" என்பர் சிலர். சாலையைப் போட்ட பிறகு குழாய்க்காக ஒரு முறை, கேபிளுக்காக ஒரு முறை என்று தோண்டுகிறோமே, அது தாமதமில்லையா? முன்னால் ஒரு வாரம் யோசிப்பது, பின்னால் ஓராண்டு அவதிப்படுவதைக் காட்டிலும் மேல். "ஆய்வுக்குழு என்ற பெயரில் கட்சிச் சண்டை வரும்" என்பது மற்றொரு மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை மறுக்கவில்லை. அதனால்தான், "யார் செய்தார்?" என்று தொடங்காமல் "என்ன நடந்தது?" என்று ஆய்வு தொடங்க வேண்டும் என்கிறோம். தண்டிப்பதற்காக மட்டும் ஆய்வு செய்தால் எல்லாரும் மறைப்பர். கற்பதற்காக ஆய்வு செய்தால் எல்லாரும் பேசுவர்.

எங்களுக்கு வயது பதினைந்து. ஏரியா சபையில் உறுப்பினராக வாக்காளராய் இருத்தல் வேண்டும்; அதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன. எனவே அன்புள்ள பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள்! எங்கள் முன்னேற்ற அறிக்கையை வாங்கி, சென்ற தேர்வின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தானே கையெழுத்து இடுகிறீர்கள்? அதே கண்ணோடு அடுத்த ஏரியா சபைக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். "சென்ற முறை எடுத்த முடிவு என்னவாயிற்று?" என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமையை, 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது.

தோழியரே! நாளை நம்முள் சிலர் கவுன்சிலராகலாம், சிலர் அலுவலராகலாம், எல்லாரும் வாக்காளராவோம். கேட்கும் துணிவையும், கேட்டால் முகம் சுளிக்காமல் விடை தரும் பண்பையும் இன்றே பழகுவோம். தன்னைத் தானே சரிபார்க்கும் மன்றமே மக்கள் நம்பும் மன்றம். அத்தகைய மன்றம் நம் ஊரில் மலரட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி