பந்தலில் பதவியேற்ற பிரதமர்

2021 மே 24, திங்கட்கிழமை. பசிபிக் கடலில் 2 லட்சம் பேர் மட்டுமே வாழும் சமோவாவின் நாடாளுமன்றக் கதவில் பூட்டு! தலைமை நீதிபதியே அங்கியோடு நடந்துவந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். வெளியே புல்வெளியில் பந்தல் போட்டு, அங்கேயே பிரதமராக உறுதிமொழி எடுத்துக்கொண்டார் 64 வயது ஃபியாமே நவோமி மாதாஃபா. அந்நாட்டின் முதல் பெண் பிரதமர்.

பூட்டுக்குப் பின்னால் இருந்த கதை இது. 1998 முதல் பிரதமர் நாற்காலியில் இருந்தவர் துயிலாயெபா. அவருக்குத் துணைப் பிரதமராக இருந்த ஃபியாமே, நீதித்துறையை மாற்றியமைக்கும் மசோதாக்களை எதிர்த்து 2020-ல் ராஜினாமா செய்தார். பிறகு ‘ஃபாஸ்ட்’ என்ற புதுக் கட்சிக்குத் தலைவரானார். ஏப்ரல் 9 தேர்தலில் மொத்தம் 51 இடங்கள். இரு தரப்புக்கும் தலா 25, சுயேச்சை ஒருவர். அவர் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் ஆட்சி.

அவர் வாய் திறப்பதற்குள் தேர்தல் ஆணையர் ஒரு கணக்குப் போட்டார். நாடாளுமன்றத்தில் குறைந்தது 10 சதவிகிதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஜெயித்தது 5 பேர், அதாவது 9.8 சதவிகிதம். ‘குறைகிறதே’ என்று ஆறாவதாக ஒரு பெண்ணைச் சேர்த்தார். அவர் ஆளுங்கட்சிக்காரர்! சுயேச்சை ஃபியாமே பக்கம் வந்தும் 26-26. பெண்களை உள்ளே கொண்டுவரப் போட்ட சட்டமே, ஒரு பெண் பிரதமராவதற்குக் குறுக்கே நின்றது.

கணக்கு தப்பில்லை என்பதுதான் வேடிக்கை. ஆறு பேர் வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் பின்னால் சொன்னது. ஆனால், தேர்தல் வழக்குகளும் இடைத்தேர்தல்களும் முடிந்த பிறகே சேர்க்கலாமாம்.

‘மறுதேர்தல்’ என்றார் நாட்டின் தலைவர். மே 17-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. தேர்தல் முடிந்து 45 நாட்களுக்குள் அவை கூட வேண்டும். கெடு தேதி மே 24. சனிக்கிழமை இரவு அந்தக் கூட்டத்தையும் நிறுத்தினார். ஞாயிறு என்றால் தேவாலயம், ஓய்வு என்று அடங்கிவிடும் நாடு அது. அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே நீதிபதிகள் கூடி, நிறுத்தியது செல்லாது என்றார்கள். அப்புறம்தான் பூட்டு.

ஃபியாமேயின் அப்பா, 1962-ல் சுதந்திரம் வந்தபோது நாட்டின் முதல் பிரதமர். 1985 முதல் எம்.பி., 1991-ல் முதல் பெண் அமைச்சர் என்று படிப்படியாக வந்த மகள், பந்தலில் எடுத்த உறுதிமொழி செல்லுமா என்று தெரியாமல் இரண்டு மாதம் காத்திருந்தார். ஜூலை 23-ல் ‘செல்லும்’ என்று தீர்ப்பு வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கைவிட்ட திட்டங்களில் ஒன்று, சீன உதவியோடு 10 கோடி டாலரில் வரவிருந்த துறைமுகம். வெளிநாட்டுக் கடனில் 40 சதவிகிதம்போல ஏற்கெனவே சீனாவுக்குத் தர வேண்டியிருந்தது.